மனை விற்பனைத் தமிழ்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பிரித்தால், செங்கற்பட்டுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே இந்திரலோகமே இறங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. ‘உலகத்தரம் வாய்ந்த’, ‘அரண்மனை போன்ற’, ‘கனவு இல்லம் உங்களை அழைக்கிறது’ என்று அடைமொழிகள் அணிவகுத்து நிற்கின்றன. மனை எந்தக் கிராமத்தைச் சேர்ந்தது, சர்வே நம்பர் என்ன, பட்டா யார் பேரில் இருக்கிறது என்பவற்றுக்கு மட்டும் இடம் போதவில்லை போலும்!

இது வெறும் பாஷைக் குற்றமாயின் பண்டிதர்களிடம் விட்டுவிடலாம். ஆங்கில விளம்பரத்தை அவசரமாய்ப் பெயர்த்ததால் விளைந்த இந்நடை தமிழுமன்று, ஆங்கிலமுமன்று. ஆனால் வக்கீல் தொழிலில் நாம் கண்ட விஷயம் வேறு. ‘அரண்மனை போன்ற வீடு’ என்று அச்சிட்டவனை, அரண்மனை எங்கே என்று கேட்டுக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. விற்கிறவன் தன் சரக்கைப் புகழ்வது சகஜமென்று சட்டம் ஒதுக்கிவிடும். ‘30 அடிச் சாலை’ என்று அச்சிட்டு 20 அடி விட்டிருந்தாலோ, அவன் பதில் சொல்லியாக வேண்டும். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, விளம்பரத்தின் பொய்த் தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டமடைந்தவருக்கு ஈடு பெற வழி செய்கிறது. ஆகவேதான் அளவு வரவேண்டிய இடத்தில் அலங்காரம் வந்து உட்காருகிறது. ‘விமான நிலையத்துக்கு மிக அருகில்’ என்பார்கள். எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லமாட்டார்கள். அடுக்கு மாடி வீட்டில் மாடிப்படியும் லிப்டும் நடைபாதையும் சேர்ந்த ‘சூப்பர் பில்டப்’ பரப்பைக் கொட்டை எழுத்தில் போட்டு, குடியிருப்பவர் உள்ளே புழங்கும் பரப்பைப் பொடியெழுத்தில் மறைப்பார்கள்.

நம்மிடம் வேறு தமிழ் இல்லாமலில்லை. கிரயப் பத்திரத்தின் நடையைக் கண்டு படித்தவர்கள் நகைப்பதுண்டு. ஒரு வாக்கியம் முடிய ஒரு பக்கம் பிடிக்கும், வாஸ்தவம். ஆயினும் இன்னார் மனைக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இந்நான்கெல்லைக்குட்பட்டது இத்தனை சதுர அடி என்று அது அறுதியிட்டுச் சொல்லும். வில்லங்கம் ஏதும் தோன்றினால் தானே முன்னின்று தீர்ப்பதாக விற்பவன் கையெழுத்தும் இடுவான்.

வாங்குகிறவரோ பெரும்பாலும் ஓய்வுபெற்ற உபாத்தியாயர், அல்லது வளைகுடா நாட்டில் உழைத்து மிச்சம் பிடித்த தொழிலாளி. அவர் விளம்பரத் தமிழைப் படித்து முன்பணம் கொடுக்கிறார். பத்திரத் தமிழைக் காண்பது பணத்தின் பெரும்பகுதி கைமாறிய பிறகே.

விளம்பரக் கூலி வாங்கும் பத்திரிகைக்காரர்களும் இதில் பங்காளிகள், நாமும் விலக்கன்று. சர்வே நம்பரும் அளவும், பதிவான திட்டமாயின் அதன் பதிவு எண்ணும் இல்லாத மனை விளம்பரங்களை இனி நமது காரியாலயம் திருப்பியனுப்பிவிடும்.