பிரிவும் பாகமும் – 6: தாராவியில் உண்டு, மாதுங்காவில் இல்லை

விவாகத்தின்போது பிறந்தகத்தார் அளித்த நகையும் பாத்திரமும் மனைவிக்கே பிரத்தியேகமான ஸ்திரீதனம் என்றும், கணவன் அவற்றைப் பொறுப்பாளனாக மட்டுமே வைத்திருக்கிறான் என்றும் 1985-இல் உச்சநீதிமன்றம் தீர்த்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆனால் குடும்பத்தின் ஐசுவரியம் நகைப்பெட்டியோடு முடிவதில்லை. இருவர் உழைப்பிலும் உருவான வீடு, ஒருவர் பிரிந்து போகையில் என்ன கதி அடைகிறது?

பம்பாயின் மாதுங்காவிலோ செம்பூரிலோ கணவன் தன் பெயரில் மட்டும் வாங்கிய பிளாட்டில், மாமியாருக்குப் பணிவிடை செய்து, குழந்தைகளைப் படிக்கவைத்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கடன் தவணைக்கும் வழிசெய்த ஒரு பெண், விவாகரத்துக்காகப் பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தின் படியேறும் நாளில், அவ்வீட்டில் பாதி தனக்கு உரியது என்று கேட்க 1955-ஆம் ஆண்டின் ஹிந்து விவாகச் சட்டத்தில் ஒரு வாசகமும் இல்லை. 25-ஆம் பிரிவு ஜீவனாம்சம் தருகிறது. 27-ஆம் பிரிவோ கல்யாணத்தை ஒட்டி வந்து இருவருக்கும் பொதுவான பொருள்களோடு நின்றுவிடுகிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வீட்டில் வசிக்க இடங்கொடுக்கிறதேயன்றிப் பாத்தியதை கொடுக்கவில்லை. இக்குறையை நீக்கும் மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியும், மறு ஆண்டு மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

ரயில் பாதைக்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் சந்ததியார் வாழும் தாராவிக்குப் போனால், நியாயம் வேறாக இருக்கிறது. பம்பாய் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளுள் குடிசை மறுவாழ்வுத் திட்டத்துக்கான 33(10) விதி, குடிசைக்குப் பதிலாகக் கிடைக்கும் வீடு கணவன் மனைவி இருவருக்கும் கூட்டாகவே சொந்தம் என்கிறது. வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரத்தில் அவ்வாறு பதியவேண்டும் என்பதோடு நில்லாமல், பதிந்ததாகவே கருதவேண்டும் என்றும் விதிக்கிறது. எழுத்தர் மறந்தாலும், கணவன் மறைத்தாலும், அவள் பாதி அவளுடையதே. ஏழைக் குடும்பத்தில் மனைவியின் பங்கை இவ்வளவு தெளிவாகக் கண்ட அரசு, மத்தியதர வர்க்கத்து மனைவியை மட்டும் ஏன் காண மறுக்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்காத அநீதி.

கூட்டுப் பெயர் இருந்தாலும் ஜாக்கிரதை வேண்டும். பரஸ்பர சம்மதத்தில் பிரிவோர், ஒருவர் தம் பாதியை மற்றவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொடுப்பது வழக்கம். வங்கிக் கடன் இருவர் பெயரிலும் இருந்தால், நீதிமன்றத்தில் அவர்கள் செய்துகொண்ட சமரசம் வங்கியைக் கட்டுப்படுத்தாது; தவணை தவறினால் வீட்டை விட்டுச் சென்றவரிடமும் பணம் கேட்கப்படும். பத்திரம் எழுதுமுன் வங்கியின் எழுத்துமூலமான விடுவிப்பைப் பெறுதல் அவசியம்.

கூட்டுப் பெயர் இல்லாதவளுக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, சவூதி அரேபியாவில் உழைத்த கணவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், ஊரிலிருந்து குடும்பத்தைக் காத்த மனைவிக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்பளித்தார். அது விவாகரத்து வழக்கன்று. பம்பாய் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதுமன்று. எனினும் மாதுங்காப் பெண்ணின் வக்கீல் எடுத்துக்காட்டத்தக்க நல்ல தீர்ப்பு அது.

மகாராஷ்டிரத்தை அடுத்த கோவாவிலோ, 1867-ஆம் ஆண்டின் போர்ச்சுகீசியச் சிவில் சட்டத்தின் வழியே, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியரின் சொத்து பொதுவாக இருவருக்கும் சரிபாதி. ஒருவர் ஒப்பமின்றி மற்றவர் வீட்டை விற்கவும் இயலாது. அதன் நடைமுறையை அடுத்த வாரம் பார்ப்போம்.