வழி அறுந்த நாரைகள்

ராஜஸ்தானத்தில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் நீர்நிலைகளுக்குப் பனிக்காலந்தோறும் வந்துகொண்டிருந்த சைபீரிய வெள்ளை நாரைகள், 2002-ஆம் வருஷத்துக்குப் பின் அங்கு வரவில்லை. கடைசியாக வந்தது ஒரே ஒரு ஜோடி. 1960-களின் நடுவிலோ சுமார் இருநூறு நாரைகள் அங்கே இறங்கியதுண்டு.

குற்றம் எங்கே நிகழ்ந்தது? பரத்பூரில் பறவைக் கொலை நடந்தது மெய்தான். 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைக் கோஷ்டி ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்திய பிரதாபத்தை அங்குள்ள கல்வெட்டு இன்றும் பறைசாற்றுகிறது! ஆனால் அத்துப்பாக்கிகள் ஓய்ந்தன; 1982-இல் அவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. காவல் வந்த பின்னரும் நாரைகள் குறைந்துகொண்டே போயின. ஏனெனில் மேற்கு சைபீரியாவின் ஓப் நதிப் பிரதேசத்திலிருந்து அவை வரும் வழி மத்திய ஆசியா, ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தானம் ஆகிய தேசங்களின் மேலாக அமைந்தது. குர்ரம், ஜோப் பள்ளத்தாக்குகளில், நுனியில் குண்டு கட்டிய கயிற்றை இரவில் வீசிப் பறக்கும் நாரைகளைச் சிக்கவைப்பது பழைய வழக்கம். ஈய ரவைத் துப்பாக்கிகளும் வந்து சேர்ந்தன.

இதில் மிகவும் வருந்தத்தக்க விஷயம் வேறொன்று. நாரைக் குஞ்சுக்கு வழி பிறவியிலேயே தெரிந்துவிடுவதில்லை. முதற் பிரயாணத்தில் தாய்தந்தையரைப் பின்தொடர்ந்தே கற்கிறது. மூத்தவை மாண்டால் பாதையும் மாண்டது. கூண்டில் வளர்த்த இளம் நாரைகளைப் பரத்பூரில் விட்டுப் பார்த்தார்கள். அறுந்த வழி மீளவில்லை. 1993-இல் இந்நாரைகளுக்கென்றே சர்வதேச உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. அதற்குள் பரத்பூருக்கு வருபவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. இன்று உலகில் எஞ்சியுள்ள சைபீரிய நாரைகளில் ஏறக்குறைய எல்லாம் சீனத்தின் போயாங் ஏரியை நாடுபவையே.

அதே ராஜஸ்தானத்தில், பலோடிக்கு அருகே கீச்சன் என்னும் பாலைவனக் கிராமம் இருக்கிறது. குர்ஜா என்று அவ்வூரார் அழைக்கும் சிறு நாரைகள் மத்திய ஆசியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் புறப்பட்டு, ஆயிரக்கணக்கில் அங்கே வருகின்றன. ஊரார் அவற்றுக்கென வேலியிட்ட திடல் அமைத்துத் தானியம் இறைக்கிறார்கள். சர்க்கார் உத்தரவுக்குக் காத்திராமல் ஜனங்கள் தாமே தொடங்கிய தர்மம் இது. நாம் மனமாரப் போற்றுகிறோம். எனினும் குர்ஜாவுக்கும் அயல்நாட்டு வேடர்கள் உண்டு. கீச்சன்வாசிகள் இறைக்கும் தானியம் அப்பள்ளத்தாக்குகள் வரை எட்டாது. அயல் அரசுகளுடன் நம் சர்க்கார் இதுபற்றிப் பேசுவதாயின், வழி தெரிந்த மூத்த பட்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் இப்பொழுதே பேச வேண்டும்.