சுவரிலிருந்து இறங்கிய சித்திரங்கள்

ஐரோப்பிய ஓவிய வரலாற்றைப் புரட்டினால் சீர்திருத்தம், எதிர்ச்சீர்திருத்தம், பரோக் என்று சொற்கள் வரிசைகட்டி நிற்கும். வாசிக்கிறவர் களைத்துப்போவார். ஆனால் இவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரே வழக்குத்தான்: வணங்குமிடத்தில் சித்திரம் இருக்கலாமா?

1517இல் மார்ட்டின் லூதர் தொடக்கிய சீர்திருத்தம் சித்திரங்களைப் பகைத்தது என்பது பாதி உண்மை. லூதருக்கு அதில் பெரிய கோபமில்லை. ஓவியர் லூக்காஸ் கிரானாக் அவருடைய நெருங்கிய நண்பர். சித்திரங்களை வெளியேற்றியவர்கள் சூரிச்சில் ஸ்விங்கிலியும், பின்னர் கல்வினின் வழிவந்தவர்களும்தான். 1566 ஓகஸ்டில் அன்றைய நெதர்லாந்து நாடுகளில் கூட்டங்கூட்டமாகத் தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். 'பேல்டன்ஸ்டோர்ம்' என்பது அதன் பெயர். 'உருவங்கள்மேல் அடித்த புயல்' என்று சொல்லலாம்.

எங்கட வாசகர்களுக்கு இந்த வாதம் பழகினதாகத் தோன்றும். அதற்காக அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. கல்வின் ஓவியக்கலையைத் தள்ளவில்லை, வழிபாட்டிடத்திலிருந்துதான் இறக்கினார். இறங்கியது எங்கே போனது? வீட்டுக்குள். தேவாலயம் வாங்காத ஊரில் வியாபாரி வாங்கினார். அவர் கேட்டது புனிதர்களை அல்ல. எலுமிச்சம்பழம், வெள்ளித்தட்டு, கடல், கப்பல். 'ஸ்டில்லெவன்' என்ற அசையாப்பொருள் ஓவியம் ஒல்லாந்தில் அப்படித்தான் செழித்தது. சான்ரெடாம் என்பவரோ வெள்ளையடித்து வெறுமையாக்கிய தேவாலயங்களின் உட்புறத்தையே வரைந்தார். ஒல்லாந்தர் கட்டி 1757இல் திறந்த கொழும்பு வொல்வென்டால் தேவாலயத்துக்குள் போனவர்களுக்கு அந்த வெறுமை சட்டென்று விளங்கும்.

ரோம் சும்மா இருக்கவில்லை. 1563 டிசம்பரில் திரெந்து சங்கம் தீர்ப்புச் சொன்னது: சித்திரம் இருக்கட்டும், மரியாதை பலகைக்கல்ல, அதில் வரையப்பட்டவருக்கே, ஆபாசம் மட்டும் கூடாது. இதுதான் எதிர்ச்சீர்திருத்தத்தின் ஓவியக் கொள்கை. இனிச் சித்திரம் எழுத்தறியாதவரின் நெஞ்சையும் உலுக்க வேண்டும். 1600ஆம் ஆண்டளவில் கரவாஜியோ வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' என்ற ஓவியத்தைப் பாருங்கள். இருண்ட அறை, காசெண்ணும் வரிகாரர்கள், பக்கவாட்டில் விழும் ஒரேயொரு வெளிச்சக் கீற்று. இருளையும் ஒளியையும் இப்படி மோதவிடும் முறைக்குத்தான் 'கியாரோஸ்கூரோ' என்று பெயர்.

'பரோக்' என்ற சொல் எங்கிருந்து வந்தது? கோணல் முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து என்பது பலரின் கருத்து. 18ஆம் நூற்றாண்டில் அது ஒரு கேலிப்பேச்சு. அளவுமீறிய அலங்காரத்தை அப்படிப் பழித்தார்கள். 1610இல் இறந்த கரவாஜியோவுக்கும் 1680இல் இறந்த பெர்னினிக்கும் தாங்கள் பரோக் கலைஞர்கள் என்பது தெரியவே தெரியாது.