21 பதக்கம், 22 பிணம்!

பொன்மலைப் பட்டறைச் சங்கு ஊதியதும் தோழர்கள் வெளியே வருகிறார்கள். கையிலே எண்ணெய்க் கறை, மார்பிலே பதக்கமில்லை. வீரன் யார் என்று கேட்டாலோ, ஏடுகள் பதக்கம் தொங்கும் மார்பைத்தான் காட்டும். அந்தப் பதக்கத்தை எந்தத் தராசிலே நிறுத்தார்கள்? பார்ப்போம்.

1897 செப்டம்பர் 12. வடமேற்கு எல்லை, சமானா மலைத்தொடர். லாக்கார்ட் கோட்டைக்கும் குலிஸ்தான் கோட்டைக்கும் நடுவே, கண்ணாடியிலே கதிரொளி காட்டிச் செய்தி அனுப்பும் சிறு சாவடி சாரகடி. உள்ளே 36-வது சீக்கியப் படையினர் 21 பேர். தலைவர் அவில்தார் ஈசர் சிங். வெளியே ஆயிரமாயிரமாய் அப்ரிடி, ஒரக்சாய் மலைமக்கள். ஓடினார்களா? இல்லை! பணிந்தார்களா? இல்லை! மணிக்கணக்கிலே போரிட்டு, 21 பேரும் மாண்டார்கள். கடைசிவரை செய்தி அனுப்பிய குர்முக் சிங், கருவியைக் கட்டி வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தினார்.

21 பேருக்கும் 'இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்' தந்தார்கள். 1837-ல் கும்பினியார் ஏற்படுத்திய விருது அது. 1856-ல் பிறந்த விக்டோரியா சிலுவையை ஏன் தரவில்லை? வீரம் குறைவா? அல்ல, வெள்ளைத் தோல் இல்லை! 1857-ல் லக்னோவிலே மாறுவேடம் பூண்டு சென்ற கவானா படைவீரரே அல்ல, குமாஸ்தா. அவருக்குக் கிடைத்தது சிலுவை. இந்தியச் சிப்பாய்க்கோ 1911 வரை கதவடைப்பு!

கதை முடியவில்லை. சாவடியிலே இன்னொருவர் இருந்தார், எடுபிடி வேலைக்கு வந்த ஏழை. அவரும் அங்கேயே மாண்டார். படைவீரர் பட்டியலில் பெயரில்லை. ஆகவே பதக்கமும் இல்லை. வெள்ளையனுக்குக் கீழே சிப்பாய், சிப்பாய்க்குக் கீழே எடுபிடி. படிக்குக் கீழே படி! நமக்குப் பழகிய கதைதானே, தோழர்களே?

அது ஏகாதிபத்தியம் நடத்திய போர். மலைமக்கள் தம் மண்ணுக்காக நின்றார்கள், சிப்பாய்கள் சம்பளத்துக்காகச் சென்றார்கள். ஆதிக்கத்தை நாம் போற்றவில்லை, அஞ்சாமையைப் போற்றுகிறோம்.

அந்த அஞ்சாமை இங்கே இல்லையா? 1946 செப்டம்பர் 5-ல் இதே பொன்மலையிலே துப்பாக்கிச் சூட்டுக்கு ஐந்து தொழிலாளர்கள் பலியானார்கள். எந்த மன்னர் அவர்களுக்குப் பதக்கம் தந்தார்? ஆண்டுதோறும் தோழர்கள் கூடி அவர்கள் பெயரைச் சொல்கிறார்களே, அதுதான் பதக்கம்!

ஆகவே, சாரகடியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 21 என்று நிறுத்திவிடாதீர்கள். 22 என்று எண்ணுங்கள்!