தோட்டாவின் கழுத்தைத் திறந்தால்…

தோட்டாவுக்குள் கொஞ்சம் மருந்து, தலையில் ஒரு குண்டு, அவ்வளவுதானே என்கிறீர்களா? பழைய பாயின்ட் 303 தோட்டாவின் குண்டை உருவினால் உள்ளிருந்து சேமியா எட்டிப் பார்க்கும்! தூளும் இல்லை, மணியும் இல்லை; பழுப்பு நிறத்தில் நீள நீள இழைகள். பெயர் கார்டைட். இழைகளை உள்ளே நுழைத்த பிறகுதான் பித்தளைக் கூட்டின் கழுத்தையே குறுக்குவார்களாம். அப்புறம் அந்த இழைக் கட்டை மறுபடி உள்ளே தள்ள யாரால் முடியும்?

இந்தச் சேமியாவுக்கு நம் மாநிலத்திலேயே சமையலறை உண்டு. நீலகிரி அருவங்காட்டில், ஆங்கிலேயர் 1903-இல் தொடங்கிய கார்டைட் ஃபாக்டரி. ஊட்டி மலை ரயில்கூட அங்கே நின்றுதான் போகும். கார்டைட்டின் கூட்டுப்பொருள்களைக் கேளுங்கள்: நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, அப்புறம், சிரிக்காதீர்கள், வாசலின்! எல்லாம் இளகிக் கலக்க அசிட்டோன். கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் சிப்காட் ரசாயன ஆலைகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அசிட்டோன் யாரென்று அறிமுகம் வேண்டாம்.

சரி, குண்டை எப்படி உருவுகிறார்கள்? அமெரிக்காவில் கார் ஷெட்டில் மேசை போட்டுத் தோட்டா கட்டும் ஆட்களிடம் சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி இருக்கும். அதற்குள் தோட்டாவை மாட்டி, கட்டைமேல் ஓங்கி ஒரு போடு. கூடு சட்டென்று நின்றுவிடும். குண்டுக்கு அந்தச் சேதி எட்டாது, அது பாட்டுக்குப் போய் விழும், மருந்தும் கூடவே கொட்டும். ஈய மூக்கு நசுங்காமலிருக்க அடியில் துளி பஞ்சு வைப்பவர்களும் உண்டு. எனக்குப் பிடித்த நுணுக்கம் அதுதான்.

உருவிய குண்டு வீணில்லை. ராணுவத் தோட்டாக்களிலிருந்து பிரித்தெடுத்த குண்டுகள் அங்கே மொத்தமாக, மலிவாகக் கிடைக்கும். ஆனால் உடம்பில் கீறல், இடுக்கி பிடித்த வளையம், தார் மாதிரி ஒட்டிய பூச்சு எல்லாம் இருக்கும். துடைத்து, எடை போட்டு, விட்டத்தை அளந்து இனம் பிரிப்பார்கள். 303-இன் குண்டு 7.62 நேட்டோ ரகக் குண்டைவிட ஏறக்குறைய 0.08 மில்லிமீட்டர் பருமன். கண்ணுக்குத் தெரியாது, துப்பாக்கிக் குழலுக்குத் தெரியும்! இன்னதென்று தெரியாத குண்டைக் கழித்துவிடுவதே புத்திசாலித்தனம். தேறியவை பயிற்சிப் பலகைக்குப் போகும். போட்டிக்கு எடுத்துப் போனால் புள்ளிகள் சிதறும்.

இதையும் கேளுங்கள். 303-இன் மார்க் 7 ரகக் குண்டின் எடை சுமார் 11.3 கிராம். ஈயம் என்று நினைத்து அறுத்தால் மூக்குப் பக்கம் அலுமினியம்! யுத்த காலத்தில் அலுமினியத்துக்குப் பதில் மரக்கூழையும் வைத்தார்கள். காகிதத்துக்கு அண்ணன் முறை, போயும் போயும் துப்பாக்கிக் குண்டுக்குள்!

செம்மங்குப்பத்தில் அந்த அமெரிக்க மேசையைப் போட ஆசைப்படாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். நம்மூர்ப் போலீஸ் பயிற்சித் திடலில் சுட்டு முடித்த காலிக் கூடுகளுக்கே கணக்கு உண்டு. ஒன்று குறைந்தால் மொத்தப் பேரும் குனிந்து புல்லுக்குள் துழாவ வேண்டியதுதான்.