அடுக்கடுக்காய் ஒரு பக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூரின் கிழக்கே நின்று மேற்கு நோக்கினால் நாம் காண்பதென்ன? முன்னே 11 நிலைகள் கொண்ட கோபுரம். அதற்கப்பால் சிறு குன்றாகிய திருவண்ணாமலை. (வட மாவட்டத்துத் திருவண்ணாமலை அன்று, இது நம் ஊர்த் திருவண்ணாமலை!) அதன் பின்னே கரும்பச்சையாய் ஒரு மலைத்தொடர். அதற்கும் பின்னே வெளிர்நீலமாய் மற்றொரு தொடர். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறச் செய்வதால், தொலைவிலுள்ள மலை வெளிறித் தோன்றுகிறது.

இக்காட்சியை ஓர் இணையப் பக்கமாக அமைத்துப் பள்ளிக் கண்காட்சியில் வைக்கப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவர் முடிவு செய்தோம். அப்போது கற்றவற்றை எம் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே கூறுகிறோம்.

இணையப் பக்கத்தில் எழுத்தும் படமும் இன்னின்ன என்று குறிப்பது எச்.டி.எம்.எல். அவற்றுக்கு நிறம், அளவு, இடம் ஆகியவற்றை வகுப்பது சி.எஸ்.எஸ். இம்முறையை 1994இல் ஹோகோன் வியூம் லீ என்பவர் முன்மொழிந்தார். 1996இல் இதன் முதல் தரநிலை வெளியாயிற்று. 1998இல் வந்த இரண்டாம் தரநிலையில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வசதியும் சேர்ந்தது.

அடுக்குதல் என்பது நமக்குப் புதிதன்று. ஆண்டு விழா நாடகத்தில் மேடையின் கடைசியில் வர்ணத் திரை தொங்கும். அதன் முன்னே அட்டையில் வெட்டிய மரங்கள் நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னே நடிப்பவர் நிற்பார். கணினித் திரைக்கு ஆழமில்லை. எனவே எது முன், எது பின் என்பதை எண்ணால் சொல்லுகிறோம். அந்த எண்ணுக்கு இசட்-இண்டெக்ஸ் என்று பெயர். பெரிய எண் பெற்றது முன்னே வரும். இரண்டுக்கும் ஒரே எண்ணானால், பிறகு எழுதப்பட்டது முன்னே வரும். ஆனால் பொதுவாக, பொசிஷன் என்னும் பண்பை 'ரிலேட்டிவ்' அல்லது 'அப்சல்யூட்' என்று முதலில் அமைத்தால்தான் இந்த எண் வேலை செய்யும்.

நாங்கள் வானத்துக்கு ஒரு நிறம் மற்றொன்றாக மெல்ல மாறும் லீனியர்-கிரேடியண்ட் இட்டோம். மலைகளைக் கத்தரிக்கோலால் வெட்டுவது போலக் கிளிப்-பாத் கொண்டு வடிவமைத்தோம். தொலைமலைக்கு 10, அடுத்த மலைக்கு 20, திருவண்ணாமலைக்கு 30, கோபுரத்துக்கு 40 என எண் கொடுத்தோம். இடைவெளி விட்டது எதற்கு? பின்னர் ஏதேனும் நுழைக்க வேண்டுமானால் இடம் வேண்டுமல்லவா!

தலைப்புக்கு 9999 கொடுத்தோம். ஆயினும் அது மலைக்குப் பின்னே ஒளிந்துகொண்டது! ஒரு மாலை முழுவதும் தேடியபின் காரணம் புரிந்தது. தலைப்பைத் தொலைமலையின் பெட்டிக்குள் எழுதியிருந்தோம். அந்தப் பெட்டியின் எண்ணோ 10. காலை வணக்கக் கூட்டத்தில் எட்டாம் வகுப்பு முன்னும் ஒன்பதாம் வகுப்பு பின்னும் நிற்பதாகக் கொள்வோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி தன் வகுப்புக்குள் எவ்வளவு முன்னே நின்றாலும், எட்டாம் வகுப்புக்கு முன்னே வர முடியாது. பெட்டிக்குள் இருப்பதும் அப்படியே. மேலும், மலை மங்கலாகத் தெரிய அதன் ஒபாசிட்டியை 0.6 ஆக்கியிருந்தோம். அதனால் உள்ளிருந்த எழுத்தும் சேர்ந்து மங்கிவிட்டது. தலைப்பை வெளியே எடுத்துத் தனி அடுக்காக்கி 50 கொடுத்தோம். உடனே முன்னே வந்தது.

கண்காட்சியன்று பலரும் பாராட்டினர். எங்களில் ஒருத்தியின் பாட்டி மட்டும் கண்களைச் சுருக்கிக்கொண்டு, "படம் அழகாத்தான் இருக்கு தாயி. எழுத்து ஒண்ணும் தெரியலையே!" என்றார். வெளிர்நீல மலைமேல் வெள்ளெழுத்து இட்டிருந்தோம். எங்கள் இளங்கண்களுக்குத் தெரிந்தது, கண்புரையுள்ள அவருக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே படத்துக்கும் எழுத்துக்கும் இடையே 45 என்ற எண்ணில் பாதி ஊடுருவும் கருநீல அடுக்கொன்றை நுழைத்தோம். விட்டுவைத்த இடைவெளி உதவியது! இம்முறை ஒபாசிட்டியைத் தொடாமல், நிறத்தை மட்டும் ஊடுருவச் செய்யும் ஆர்.ஜி.பி.ஏ. முறையைக் கையாண்டோம். சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டுமென்பது உலக இணையக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல். அதனையும் சரிபார்த்தோம். மறுநாள் பாட்டி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தாமே வாசித்தார்.

தோழியரே, அடுக்குகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். பக்கம் இருப்பது வாசிப்பதற்கே. அழகு பின்னே நின்று சொல்லை முன்னே நிறுத்த வேண்டும். முன்னால் நிற்பது பின்னிருப்பவர் கண்ணுக்கும் தெரிகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதே நாங்கள் கற்ற முதற்பாடம்.