கரிபூ வரும் வாரம்

அலாஸ்காவின் வடமேற்கில், புரூக்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓர் ஓடையின் சரளைத் திட்டில் சிறிய விமானம் ஒன்று வந்து இறங்கும். விமானியைத் தவிர ஒருவர்தான் அதில் உட்காரலாம். அவரையும் மூட்டைகளையும் இறக்கிவிட்டு, அடுத்த நடையில் அவருடைய கூட்டாளியைக் கொண்டு வரும். பிறகு பருத்த சக்கரங்கள் கல்லில் குதிக்க ஓடி, எழும்பி, மலைக்கு அப்பால் மறைந்துவிடும். இனி அது வருவது பத்து நாள் கழித்து. மேகம் மூடிக்கொண்டால் பதின்மூன்றோ பதினாலோ ஆகலாம். சாலை கிடையாது, கைபேசிக் கோபுரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவந்து பழுத்த தூந்திரப் புதர்கள். செப்டம்பர் முதல் வாரம். கரிபூ மான் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல் தாங்களே திட்டமிட்டுப் போகும் கரிபூ வேட்டை இப்படித்தான் தொடங்கும். அந்த ஓடையையும் அந்த வாரத்தையும் அந்த இருவரும் முந்தைய குளிர்காலத்திலேயே வரைபடத்தை விரித்துவைத்துத் தேர்ந்திருப்பார்கள். அவர்கள் எதையும் துரத்தப் போவதில்லை. சாதாரணமாக நடந்துபோகும் கரிபூவுக்கே அந்த நிலத்தில் மனிதனால் ஈடுகொடுக்க முடியாது. புல் முடிச்சு முடிச்சாக எழுந்து நிற்க, நடுவில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். காலை எங்கே வைத்தாலும் பிசகும். ஆகவே அது வரும் வழியில் முன்னதாகவே போய்க் காத்திருக்க வேண்டும். எந்த வழி, எந்த வாரம் என்ற இரண்டு கேள்விகளில்தான் திட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அவற்றுக்கான விடை அந்த விலங்கின் உடம்பிலேயே இருக்கிறது என்று அறிந்தபோதுதான், துப்பாக்கியைத் தொட்டறியாத எனக்கு இந்த வேட்டையின்மீது அக்கறை பிறந்தது.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுப்பதாக நாம் படங்களில் பார்க்கும் ரெயின்டீரும் கரிபூவும் ஒரே இனம். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ரெயின்டீர், வட அமெரிக்காவில் கரிபூ. கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் இது. பனியைச் சுரண்டுவது என்று பொருள். பனிக்கு அடியில் பாசிபோல் படர்ந்து கிடக்கும் லைக்கனைத் தோண்டித் தின்பதற்கு அந்த அகன்ற குளம்புதான் மண்வெட்டி. கோடையில் குளம்பின் அடிப்பகுதி மெத்தென்று விரிந்து சதுப்பில் அமிழாமல் தாங்குகிறது. குளிர்காலத்தில் அந்தச் சதை சுருங்கிவிட, கூரிய விளிம்பு வெளியே வந்து பனிக்கட்டியைக் கவ்வுகிறது. உடம்பின் மேல்முடிகளுக்குள் காற்று நிறைந்திருப்பதால் குளிர் உள்ளே வராது, ஆற்றில் இறங்கினால் உடல் தக்கைபோல் மிதக்கும். தமிழில் ஆண்மானைக் கலை என்கிறோம், பெண்மானைப் பிணை என்கிறோம். நம் காட்டில் கொம்பு கலைக்கு மட்டும்தான். மான் குடும்பத்திலேயே பிணைக்கும் கொம்பு வளரும் ஒரே இனம் இதுதான். இணைசேரும் பருவம் முடிந்ததும் பெரிய கலைகள் கொம்பை உதிர்த்துவிடுகின்றன. சினைப்பட்ட பிணையோ கன்று ஈனும் காலம் வரை வைத்திருக்கிறது. பனியில் தோண்டிய குழியை மற்றவை பிடுங்கிக்கொள்ளாமல் காத்துக்கொள்ள அந்தக் கொம்பு உதவுகிறது.

இவற்றையெல்லாம்விட என்னை அசத்தியது அதன் கண். இருட்டில் நாயின் கண் மின்னுமே, அப்படி ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று கரிபூவின் விழித்திரைக்குப் பின்னாலும் உண்டு. கோடையில் அது பொன்னிறம். சூரியனே எழாத குளிர்கால இருளில் அது ஆழ்ந்த நீலமாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தால் கண்ணுக்குள் ஒளி கூடுதலாகச் சிதறி, மங்கிய வெளிச்சத்திலும் அசைவு தென்படுகிறது. 2013-இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் கிளென் ஜெஃப்ரியும் நார்வே நாட்டு ஆய்வாளர்களும் இதை விளக்கினார்கள். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அந்தக் கண்ணுக்குத் தெரிகிறது. பனி அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும், லைக்கனும் ஓநாயின் முடியும் அதை உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைப் பரப்பில் உணவும் எதிரியும் கருப்பாக எழுந்து தெரியும்.

ஒளியைப் பார்த்தே உடலை மாற்றிக்கொள்ளும் இந்த விலங்குக்குப் பருவங்களின் கணக்கும் ஒளிதான். பகல் குறையக் குறைய உடம்பு இணைசேரும் பருவத்துக்குத் தயாராகிறது. அக்டோபரில் கூடினால்தான் ஏறக்குறைய ஏழரை மாதம் கழித்து, ஜூன் தொடக்கத்தில், புல் துளிர்க்கும் நேரத்தில் கன்று விழும். இந்தக் கணக்கு தப்பினால் கன்று பிழைக்காது.

வேட்டைக்காரரின் வாரமும் இங்கிருந்துதான் கிடைக்கிறது. ஜூலையில் போனால் கொசு. தூந்திரக் கொசு மனிதரையும் விடாது, கரிபூவையும் விடாது. தோலுக்கு அடியில் புழுவாய்க் குடியேறும் ஈ ஒன்று, மூக்குக்குள் குடியேறும் ஈ ஒன்று. இவற்றுக்குத் தப்ப மந்தைகள் காற்று வீசும் மேடுகளுக்கும் கரையாத பனித்திட்டுகளுக்கும் ஓடி, மேய்ச்சலை இழந்து மெலிந்துபோகும். ஆகஸ்ட் கடைசியில் உறைபனி விழுந்து பூச்சி அடங்கும். கொம்பைப் போர்த்தியிருந்த மெல்லிய தோல் உரியும். கலைகள் இரவும் பகலும் தின்று முதுகில் கொழுப்பு ஏற்றும். அக்டோபரில் கூடல் தொடங்கிவிட்டால் கலை தீனியை மறந்துவிடும், கொழுப்பு கரைந்துவிடும், இறைச்சியில் வாயில் வைக்க முடியாத வீச்சம் ஏறிவிடும். கொசுவுக்குப் பிறகு, கூடலுக்கு முன்னால் நாலைந்து வாரம். அந்த நாலைந்து வாரத்தில் மந்தை மலைக்கு வடக்கே இருக்கும் கோடை மேய்ச்சலை விட்டுத் தெற்கே இறங்கி, நம் இருவர் உட்கார்ந்திருக்கும் ஓடையைக் கடக்க வேண்டும்.

இந்தக் கணக்கை அந்த நிலத்தின் பூர்வகுடிகளான இனூபியாக் மக்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள். அங்கே ஓடும் கோபக் ஆறு வளைந்து திரும்பும் ஓரிடத்துக்குக் காட்டு வெங்காயத்தின் பெயர். ஆங்கிலத்தில் ஆனியன் போர்ட்டேஜ். 1941-இல் அங்கே வந்த தொல்லியலாளர் ஜே. லூயிஸ் கிடிங்ஸ் பின்னாளில் திரும்பிப் போய் அகழ்ந்தபோது, மனிதத் தடங்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் இலையுதிர் காலத்தில் அந்த வளைவில் கரிபூவுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நீந்தும் கரிபூவால் விரைந்து திரும்ப முடியாது, கரையேறும் இடமும் தெரிந்ததே. அவர்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது, இன்றும் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள்: முதலில் வரும் கூட்டத்தைத் தொடாதே, போக விடு. முன்னே போனவற்றின் தடத்தையும் மணத்தையும் பிடித்துக்கொண்டுதான் பின்னே வருபவை வரும். முன்னவற்றை வெருட்டினால் அந்த ஆண்டு முழு மந்தையும் வேறு வழியில் போய்விடலாம். வெளியூர் வேட்டைக்காரர்கள்மீது கிராமத்தார் சொல்லும் குறையும் இதுவே. விமான இரைச்சலும் வழியை மறிக்கும் கூடாரங்களும் முன்னோடிகளைக் கலைக்கின்றன என்கிறார்கள். அதனால்தான் நோட்டாக் ஆற்றை ஒட்டிய பகுதியில் ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 30 வரை பெருவிலங்கு வேட்டைக்கு விமானத்தைப் பயன்படுத்த அலாஸ்கா அரசு தடை வைத்திருக்கிறது.

விதிகள் பல, சிலவற்றை மட்டும் சொல்கிறேன். விமானத்தில் பறந்த அன்று சுடக்கூடாது, மறுநாள் விடியற்காலை மூன்று மணி வரை பொறுக்க வேண்டும். வானிலிருந்து மந்தையைப் பார்த்து நேரே அதன் பக்கத்தில் இறங்கிச் சுடுவதைத் தடுக்க வந்த விதி இது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளியூரார் அலாஸ்காவில் எந்தப் பெருவிலங்கையும் தனியாக வேட்டையாட முடியாது. இந்தியக் கடவுச்சீட்டோடு வெளியிலிருந்து வருபவர் பதிவுபெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும். இறைச்சியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்து வருவது குற்றம்.

அந்தக் கடைசி விதியின் பாரம் முதுகில் இறங்கும்போதுதான் தெரியும். அலாஸ்காவில் வளர்ந்த கலை சராசரியாக 160 முதல் 180 கிலோ எடை இருக்கும். தோலும் குடலும் போக, தூக்கி வர வேண்டிய இறைச்சி ஐம்பது கிலோவுக்கு மேல். இந்தப் பகுதியில் காலையும் விலாவையும் எலும்போடுதான் கொண்டு வர வேண்டும், ஆகவே சுமை இன்னும் கூடும். கூடாரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிச் சுட்டு, ஒரே ஆள் நான்கு சுமையாகக் கொண்டு வருகிறார் என்று வையுங்கள். கூட்டிப் பார்த்தால் இருபது கிலோமீட்டருக்கு மேல் நடை, அதில் பாதிக்கு மேல் பாரத்தோடு, அந்த முடிச்சுப் புல்லில். கண்ணுக்கு எட்டுகிறது என்பதற்காகச் சுடக்கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். கொண்டு வந்த பிறகும் வேலை தீராது. பருத்திப் பைகளில் கட்டி, காற்றுப்படும்படி, மழை படாமல் தொங்கவிட வேண்டும். உப்புக்கண்டம் போடுகிறவர்களுக்குத் தெரியும், காற்றுப்பட்டால் இறைச்சியின்மேல் ஒரு காய்ந்த தோல் படரும். அது வந்துவிட்டால் உள்ளே எளிதில் கெடாது. தொங்கும் இடம் கூடாரத்திலிருந்து விலகியும் இருக்க வேண்டும், கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும். பழுப்புக் கரடி வாசம் பிடித்து வரும்.

இத்தனையும் சரியாகச் செய்து, பத்து நாளும் ஓடைக்கரையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு கரிபூவைக்கூடப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். காரணம் அவர்களுடைய கணக்குப் பிழையன்று. கூடலின் தேதி பகல் நீளத்தைப் பார்த்து வருகிறது. சூரியன் அந்தத் தேதியை மாற்றுவதில்லை. தெற்கு நோக்கி நடக்கும் தேதியோ குளிரையும் முதல் பனியையும் பார்த்து வருகிறது. குளிர் தாமதித்தால் நடையும் தாமதிக்கும். வட துருவப் பகுதி பூமியின் மற்றப் பகுதிகளைவிட வேகமாகச் சூடேறுகிறது. ஒரு காலத்தில் செப்டம்பரில் கோபக் ஆற்றைக் கடந்த மந்தைகள் அக்டோபருக்கோ அதற்கும் பின்னாலோ தள்ளிப்போகின்றன. ஆற்றைக் கடக்காமல் வடக்கிலேயே பெரும்பகுதி தங்கிவிட்ட ஆண்டுகளும் உண்டு. கலைகள் கொழுத்திருக்கும்போது அவை இங்கே இல்லை. இங்கே வரும்போது கலைகள் கூடலில் இருக்கின்றன. அப்போது ஆற்றில் படகு விட முடியாதபடி பனிக்கட்டி மிதக்கிறது, பனிவண்டி ஓட்டும் அளவுக்கு அது இறுகவும் இல்லை. ஒரே உடம்புக்குள் ஓடும் இரண்டு கடிகாரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த விலகல்தான்.

வழியும் முன்போல் இல்லை. இந்தப் பகுதியில் உள்ள ரெட் டாக் துத்தநாகச் சுரங்கத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலை ஏறக்குறைய 84 கிலோமீட்டர். கழுத்துப்பட்டை மாட்டிய கரிபூக்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஏறக்குறைய முப்பது விழுக்காடு கரிபூக்கள் அந்தச் சாலைக்கு முன்னால் தயங்கின. மற்றவை மூன்று நாளில் கடந்ததை இவை கடக்கச் சராசரியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நடையே வாழ்வான விலங்கு அது. ஆண்டுக்கு 1,350 கிலோமீட்டர் வரை போய் வரும் மந்தைகள் உண்டு. தரையில் இதைவிட நெடிய இடப்பெயர்ச்சி எந்த விலங்குக்கும் பதிவாகவில்லை. அதற்கு ஒரு மாதம் நிற்பது சின்ன விஷயமல்ல.

எண்ணிக்கையும் சரிந்துகொண்டே வருகிறது. இந்தப் பகுதியில் நடமாடும் மேற்கு ஆர்க்டிக் மந்தையில் 2003-இல் 4,90,000 கரிபூக்கள் இருந்தன. 2023 கணக்கெடுப்பில் 1,52,000. கனடாவின் ஜார்ஜ் ஆற்று மந்தை 1990களில் ஏழரை லட்சத்தைத் தாண்டியிருந்தது, 2018-இல் ஏறக்குறைய 5,500 ஆயிற்று. கரிபூ மந்தைகள் இயல்பாகவே பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகும், சுருங்கும் என்பது உண்மை. ஆனாலும் இந்த முறை சுருக்கத்தோடு சூடும் சாலையும் சேர்ந்திருக்கின்றன.

மேற்கு ஆர்க்டிக் மந்தையின் எல்லைக்குள் ஏறக்குறைய நாற்பது கிராமங்கள் இருக்கின்றன. அந்தப் பகுதியின் பெரிய ஊரான கோட்ஸபியூவுக்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. கடையில் இருக்கும் இறைச்சியும் விமானத்திலோ கோடைப் படகிலோ வந்ததுதான். அங்குள்ளவர்களுக்குக் கரிபூ சோறு. பத்து நாள் விடுமுறையில் வருபவருக்கு அப்படி அல்ல. இந்த மந்தை மீண்டு எழும் வரை வெளியூரார் அந்த ஓடைக்கரைக்குத் துப்பாக்கி இல்லாமல் போகட்டும் என்பதே என் முடிவு. கிராமத்தாரின் பங்கு ஏற்கெனவே குறைக்கப்பட்டுவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து கரிபூ வரை அனுமதித்த இடத்தில், 2024-இல் அலாஸ்கா வேட்டை வாரியம் ஆண்டுக்குப் பதினைந்து என்று வரம்பு வைத்தது. அதில் பிணை ஒன்றுதான் இருக்கலாம்.